சோதனை வெடி

“உங்க வெடிமருந்துக்கு இன்னைக்குப் பரீட்சை. குவாரியில நிக்காம வீட்டுல உக்காந்திருக்கீங்களே!” என்றாள் மனைவி.

“எனக்கு வேலை இங்கதான்” என்றார் வெடிமருந்து விற்பனையாளர். மேஜைமேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருந்தார். தொட்டிலில் குழந்தை தூங்கியது.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். வட்டாரத்துக் குவாரிகளின் வெடிமருந்து ஆர்டரை யார் பிடிப்பது என்று இரண்டு கம்பெனிகளுக்குள் போட்டி. “போன வாரம் அந்தக் கம்பெனிக்காரன் வெடிச்சப்போ நம்ம அலமாரிப் பாத்திரமெல்லாம் உருண்டுச்சு. அவனை எப்படிங்க ஜெயிக்கப் போறீங்க?”

குவாரிச் சங்கு ஊதியது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

தலையணை விழுந்த மாதிரி ‘தொப்’பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். குழந்தை புரண்டுகூடப் படுக்கவில்லை.

“போச்சு! மருந்து நமத்துப் போச்சா?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

போன் அடித்தது. குவாரி மேனேஜர். “சார், பாறை கேட்ட சைஸுல அழகா உடைஞ்சு கிடக்கு! உங்க வீட்டுல ஆட்டம் தெரிஞ்சுதா?”

“டம்ளர் தண்ணிகூட அசையல சார்!”

“அப்போ எல்லாக் குவாரிக்கும் இனி உங்க மருந்துதான். முதலாளிங்க எல்லாரும் பக்கத்துலதான் நிக்கிறாங்க. போன வாரம் வெடிச்சதுல சுவரெல்லாம் விரிசல் விட்டுடுச்சுன்னு ஊரே வந்து சண்டை போட்டுச்சே!”

“அடி சக்கை!” என்று மனைவி குதித்த குதியில் டம்ளர் உருண்டது. குழந்தை வீலென்று அலறி எழுந்தது.