இடியட் இருந்த பக்கம்

மகன் திட்டிவிட்டுப் போன சொல்லைத் தேடி, கோமளவல்லி அவனுடைய ஆங்கிலத் தமிழ் அகராதியைத் திறந்தாள். அகராதி பதறிக் கெஞ்சியது.

"அக்கா, கொஞ்சம் மங்கிப் போயேன்! இடியட்டைத் தேடுறா. அர்த்தம் தெரிஞ்சா தாங்கமாட்டா."

"மங்கினா துடைச்சிட்டுத் தேடுவாடி," என்றது அவள் மூக்குக்கண்ணாடி. "நல்ல அர்த்தம் ஒண்ணுகூடவா இல்ல உங்கிட்ட?"

"இருக்கு. ஆதியில கிரேக்கத்துல, ஊர்ப் பொறுப்பு எதுவும் இல்லாம தன் பாட்டைப் பார்க்கிறவங்களைத்தான் அப்படிச் சொன்னாங்க. அது பொடி எழுத்துல, இங்கிலீஷ்ல கெடக்குதே!"

'E' எழுத்தில் தேடி ஏமாந்த விரல் 'I'க்கு வந்தது. அகராதி இரண்டு தாள்களை இறுக ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அவள் எச்சில் தொட்டுப் பிரித்தாள். தமிழில் இருந்ததை மட்டும் வாசித்தாள்.

தாளில் விழுந்த கண்ணீர்த் துளியை அவசரமாக முந்தானையால் ஒற்றினாள். புத்தகம் நனைந்தால், அதற்கும் அவன் அதையேதான் சொல்வான்.