இரைச்சலில் சொன்னது

கணவர் அந்தப் பெண்ணின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைப் பார்த்திருந்தால்கூட மனைவி மன்னித்திருப்பாள்.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, சுற்றுலாக் கம்பெனியின் வழிகாட்டி. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை மழையில் நிறுத்தி வைத்து, அருவிக்குப் போகும் படிகள் வழுக்கும், கம்பியை விடக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றிருந்த கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போய்விட்டார். இந்தப் பயணம் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான்.

"உங்க வீட்டுக்காரருக்கு நாங்க முன்வரிசைன்னே பேர் வெச்சுட்டோம்மா," என்றார் பக்கத்தில் குடை பிடித்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர். "எவ்வளவு ஆர்வம் பாருங்க."

"ஆர்வத்துக்கு என்ன குறைச்சல்," என்றாள் அவள்.

மழை வலுத்தது. வழிகாட்டி மழைக்கோட்டின் ஜிப்பை மூக்குவரை ஏற்றிவிட்டுக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தாள். முன்வரிசைக்கு உடனே அலுத்துவிட்டது, நகர்ந்து வந்துவிட்டார். மூடின முகத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

இது இன்றைக்கு முளைத்த சந்தேகம் இல்லை. என்ஜினில் கை வைக்காமலே கோளாறைச் சொல்லிவிடுகிற மெக்கானிக் என்று ஊரில் அவருக்குப் பேர். அப்படிப்பட்டவர், ஜேஜேயென்று ஓடிக்கொண்டிருந்த பட்டறையைத் தம்பி கையில் விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆனால் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். கேட்டால் "சாமான் வாங்கப் போறேன்" என்பார், வெறுங்கையோடு திரும்புவார்.

ஒருநாள் அவள் பின்னாலேயே போய்விட்டாள். மருந்துக் கடைக்கு மேலே ஒரு மாடி அறை. எதிர்ப்பக்கம் நின்றால் ஜன்னல் தெரிந்தது. உள்ளே ஒருத்தியும் இவரும் முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் பேசப் பேச, இவர் கண் இமைக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் தன் பேச்சை ஒருநாள்கூட இவர் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை என்பதுதான் மனைவிக்குத் தாங்கவில்லை.

அடுத்த வாரமே வெளிநாட்டுப் பயணத்துக்கு டிக்கெட்டோடு வந்து நின்றார். "எலி அம்மணமா ஓடுதுன்னா சும்மா ஓடாதுடி," என்றாள் அக்கா. அன்றைக்கே அவள் பாதித் துணியைக் கொண்டுபோய் அக்கா வீட்டு பீரோவில் வைத்துவிட்டாள். மீதித் துணி இந்தப் பயணப் பெட்டியில் இருந்தது. ஊர் திரும்பியதும் பெட்டியோடு நேராக அங்கேதான் போவதாக முடிவு.

படிகளில் கணவர் இரண்டு படி முன்னால் இறங்கினார். "நனையறீங்க, குடைக்குள்ள வாங்க," என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஒரு குடையில் சேர்ந்து நடக்கக்கூட மனசில்லாமல் போய்விட்டது என்று அவளுக்குக் கண் கலங்கியது.

கீழே பார்வை மேடைக்கு வந்ததும் அருவி மொத்தமாகக் கண்ணில் விழுந்தது. வானமே ஓட்டை விழுந்து கொட்டுகிற மாதிரி தண்ணீர். அந்த இரைச்சலில் தபால்காரர் தன் மனைவியின் காதோரம் கையைக் குவித்துக் கத்தினார், அந்தம்மா கையை விரித்தார். எல்லார் வாயும் அசைந்தது, ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. கணவர் முகத்தில் மட்டும், பல மாதமாகக் காணாத ஒரு நிம்மதி.

அவர் அவள் எதிரில் வந்து நின்றார். காற்றில் கழன்ற அவள் மழைக்கோட்டின் தலைமூடியைச் சரிசெய்து, தாடைக்குக் கீழே நாடாவை முடிச்சுப் போட ஆரம்பித்தார். அந்த அக்கறைதான் அவளை உடைத்துவிட்டது. இங்கே யார் காதில் விழப்போகிறது என்ற தைரியத்தில், குரலை உயர்த்தாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அவரை 'நீ' என்று சொன்னாள்.

"இந்த நடிப்பெல்லாம் எதுக்கு? நீ அந்த மாடி ரூம்காரிகிட்டயே போ. ஊருக்குப் போனதும் நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். பாதித் துணி அங்க போயாச்சு."

சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

முடிச்சில் இருந்த அவர் விரல்கள் நின்றுவிட்டன. அவள் மணிக்கட்டைப் பிடித்து, பாறையைக் குடைந்த நடைவழிக்குள் கூட்டிப்போனார். உள்ளே இரைச்சல் அடங்கியிருந்தது. அவர் முகத்தில் வழிந்தது முழுக்க மழைத் தண்ணீர் இல்லை.

"அக்கா வீட்டுக்குப் போயிடாத," என்றார். "அந்த ரூம்ல இருக்கறது டீச்சர். எனக்குப் பாடம் சொல்லித் தர்றாங்க. வெளிய தெரிஞ்சா பட்டறை பேர் போயிடும்னு உன்கிட்டகூட மறைச்சுட்டேன். இங்க வந்து சொல்லலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தச் சத்தத்துல நான் பேசினது எனக்கே கேக்கலையே. உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

அவள் உதடு அசைந்து முடியும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் காது கேட்டு ஆறு மாசமாச்சு."