வெற்று வரி

சரியாக நாலு மணிக்குக் கமா அண்ணனிடமிருந்து அன்றைய கமிட், அதாவது புரோகிராமில் செய்து அனுப்பிய மாற்றம், வந்து சேர்ந்தது. அவர் இறந்து நாற்பது நாளாகியிருந்தது.

நெட்டையின் திரையில் வழக்கமான அறிவிப்பு: அண்ணனின் பெயர், நேரம், பக்கத்தில் ஒரே ஒரு வாசகம். "நான்தான். சின்ன மாற்றம்." நெட்டை நாற்காலியோடு பின்னால் நகர்ந்துகொண்டான். ஆறடிக்கு மேல் வளர்ந்து என்ன பயன், தைரியம் மட்டும் முழங்காலோடு நின்றுவிட்டது.

கமா அண்ணனின் நிஜப் பெயர் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. புரோகிராமில் ஒரு கமா இடம் மாறியிருந்தால் அவருக்குத் தண்ணீர்கூட இறங்காது. காரணமில்லாமல் ஒரு வெற்று வரி இருந்துவிட்டால் இன்னும் மோசம். நெட்டைக்கும் அவருக்கும் கடைசியாக நடந்த சண்டையே அதற்காகத்தான்.

"ஒரு வெற்று வரியால உலகம் முழுகிடுமா? போய் உங்க வேலையைப் பாருங்கண்ணே" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டான் நெட்டை. அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கு மாரடைப்பு.

ஒரு மாதமாக நாலு மணிக்கு வந்துகொண்டிருந்த சின்ன மாற்றம் என்ன தெரியுமா? சண்டை வந்த அதே ஃபைலின் கடைசியில், ஒரு வெற்று வரி. நெட்டையைக் குத்திக் காட்ட வேறென்ன வேண்டும். தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் அதை அழித்துச் சேமித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். மன்னிப்புக் கேட்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

டீம் லீட் பேய் பிசாசை நம்புகிற பெண்மணி அல்ல. கூப்பிட்டு விசாரித்தார். அண்ணன் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு குட்டிக் கருவி எழுதி வைத்திருந்ததை நெட்டை விளக்கினான். காலையில் அது அலுவலகத்து மாற்றங்களை அங்கே இழுத்துக்கொள்ளும். மாலை நாலு மணிக்கு, அங்கே மாறியதை அவர் பெயரும் அந்த வாசகமும் ஒட்டி இங்கே அனுப்பிவிடும். கம்ப்யூட்டரை இன்னும் யாரும் அணைக்கவில்லை போலிருக்கிறது.

"அப்போ தானா ஓடுது. இதுக்கா இவ்வளவு பயம்?"

"ஏதாவது மாறியிருந்தாத்தான் அனுப்பும், மேடம். அதுக்கு அனுப்பத்தான் தெரியும், எழுதத் தெரியாது."

லீட் அவனை நாளைக்கே அந்த வீட்டுக்குப் போய்க் கருவியை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு நெட்டை அழைப்புமணியை அழுத்தினான். துக்கம் விசாரிக்கக்கூட இதுவரை வந்ததில்லை. எந்த முகத்தோடு வருவது என்ற வெட்கம். கதவைத் திறந்த அண்ணியின் முகம் தெளிவாக இருந்தது அவனுக்கு ஆச்சரியமாகவே இருந்தது.

அண்ணனின் அறையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் அவருடைய ஸ்வெட்டர். இதை இன்றோடு நிறுத்த வேண்டியிருக்கிறது என்று நெட்டை மென்று முழுங்கிச் சொன்னான்.

"ஒரு நிமிஷம் இருங்க, தம்பி" என்று சொல்லிவிட்டு அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் கடைசியாகத் திறந்து வைத்திருந்த ஃபைலின் அடிக்குப் போனார். ஒற்றை விரலால் எண்டரை ஒரே ஒரு தட்டு தட்டிச் சேமித்தார். மணி மூன்று ஐம்பத்தைந்து.

நெட்டைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு மாதமாக அவனை ஆட்டிவைத்த பேய் இந்த அண்ணிதானா! சிரிப்புகூட வந்தது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே, கருவியை நிறுத்தக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான்.

அண்ணி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். யாராவது வெற்று வரி விட்டால், செத்தாலும் எழுந்து வந்து அழித்துவிட்டுத்தான் போவேன் என்று அண்ணன் அடிக்கடி வேடிக்கையாகச் சொல்வாராம். வீட்டில் தனியாக இருக்க முடியாத ஒரு மத்தியானம், அண்ணி சும்மா ஒரு வரி விட்டுப் பார்த்தாராம்.

நெட்டையின் விரல் அந்தரத்திலேயே நின்றது.

"மறுநாள் காலையில அழிச்சிருந்தார், தம்பி. லீவு நாள் தவிர தினமும் வந்துடறார்."