இந்தப் பக்கம் முடியட்டும்

பதிப்பகம் வேறு கட்டடத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சாமான்களெல்லாம் காலையிலேயே லாரியில் போய்விட்டன. சர்வரை அணைத்து எடுத்துவர சிஸ்டம்காரர் மட்டும் பின்தங்கியிருந்தார்.

சர்வர் அடம் பிடித்தது. ஒரு ஃபைல் இன்னும் திறந்திருக்கிறது, டிஸ்க்கை விடுவிக்க முடியாது என்றது.

யார் திறந்து வைத்திருப்பது என்று பார்த்தார். பிழை திருத்தும் அக்காவின் பெயர் வந்தது. அக்கா இறந்து ஒரு மாதமாகிறது. அவருடைய கம்ப்யூட்டரும் லாரியோடு போய்விட்டது.

வலுக்கட்டாயமாக மூடினார். மறு நொடியே திறந்துகொண்டது. நூற்று நாற்பதாம் பக்கத்தில் அக்கா விட்டுப்போன புத்தகம் அது. இப்போது இருநூற்று மூன்றில் நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூற்று நான்குக்குப் போனது.

முதலாளி போனில் கத்தினார். "இன்னுமா முடியல? வயரைப் பிடுங்கிட்டு வாய்யா!"

"அரை மணி நேரம் குடுங்க சார். அக்கா முடிச்சிடுவாங்க."

வாய் தவறி வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் "மூடலாமா?" என்று அவர் குரல் கொடுப்பதும், "இருப்பா, இந்தப் பக்கம் முடியட்டும்" என்று அக்கா சொல்வதும், அவர் காத்திருப்பதும் பழகிப்போன விஷயம்.

முதலாளி போனை வைத்துவிட்டார்.

சிஸ்டம்காரர் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார். இருநூற்று இருபதோடு புத்தகம் முடிந்தது. டிஸ்க் தானாகவே விடுபட்டது.

அணைக்கும் முன் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். போன வாரம் முதலாளி எழுதிச் சேர்த்த நன்றியுரை. அதில் ஒரே ஒரு திருத்தம்தான் இருந்தது. 'மறைந்த எங்கள் பிழைதிருத்துநருக்கு' என்ற வரியில், முதல் சொல்லை மட்டும் சிவப்புக் கோடு போட்டு அடித்திருந்தது.