டிசம்பர் பெண்ணுக்கு ஒரு மோதிரம்

கல் வாங்க வந்த அம்மா, கல்லைப் பார்க்காமல் ஷாஹிராவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவள் வேலை பார்த்த அந்த நகைக்கடையின் கண்ணாடியில், 'குளிர்காலப் பிறந்தநாள் கற்கள்' என்று எழுதி, சுற்றிலும் பஞ்சை ஒட்டிப் பனி பெய்ய வைத்திருந்தார் முதலாளி. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. நெற்றி வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே உள்ளே வந்தவர், காலியாக இருந்த மற்ற மேசைகளையெல்லாம் தாண்டி நேராக ஷாஹிராவின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பெயர் ஆசியா பீவி, கெலுகோரிலிருந்து வருவதாகச் சொன்னார்.

"எந்த மாசம் மாமி? ஜனவரின்னா கார்னெட், மாதுளை முத்து மாதிரி செவப்பா இருக்கும். பிப்ரவரின்னா ஊதா. டிசம்பர்னா ஃபிரோசா, நல்ல நீலம்."

"டிசம்பர்தாம்மா. புதுசா எனக்கு ஒரு பொண்ணு வரப்போறா. அவளுக்குத்தான்."

"ஓ, மருமகளுக்கா!"

ஆசியா பீவி சிரித்தார்.

ஷாஹிரா ஃபிரோசா மோதிரங்கள் இருந்த தட்டை எடுத்து வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"உனக்குன்னா எதை எடுப்பே?"

"எனக்கா? இந்தச் சின்னது. பெரிய கல்லா போட்டா என் கை மாதிரியே இருக்காது லா."

"எங்க, போட்டுக் காட்டு."

மோதிரம் கச்சிதமாகப் பொருந்தியது. அந்தக் கையைப் பிடித்த ஆசியா பீவி விடவே இல்லை. எதுவரை படித்தாய், காரம் சாப்பிடுவாயா என்று ஆரம்பித்து, "கோபம் வந்தா கத்துவியா, இல்ல பேசாம இருந்துடுவியா?" என்பது வரைக்கும் போய்விட்டார்.

"கத்திடுவேன் மாமி. அஞ்சு நிமிசத்துல மறந்தும் போயிடுவேன்."

"அதுதான் நல்லது. டிசம்பர்ல பொறந்த பிள்ளைங்க நீங்க எல்லாம் இப்படித்தான் போல."

ஷாஹிரா நிமிர்ந்தாள். தான் பிறந்த மாதத்தை அவள் வாயைத் திறந்து சொல்லவே இல்லை.

சட்டென்று விஷயம் விளங்கியது. பக்கத்து வீட்டு சலேஹா மாமியின் வேலை இது! பெருநாளிலிருந்து கைப்பேசியில் மாப்பிள்ளைப் படங்களை வைத்துக்கொண்டு துரத்துகிறவர். காலையில் அவளைப் பெற்ற அத்தா புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு, "இன்னிக்கு நீ கடையிலதானே இருப்பே?" என்று இரண்டு தரம் கேட்டதும் இப்போது நினைவுக்கு வந்தது. அத்தாவுமா கூட்டு!

அவள் மோதிரத்தைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

"மாமி, கோவிச்சுக்காதீங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. உங்களைப் பார்த்தா எனக்குப் பிடிச்சிருக்கு, பொய் சொல்லல. ஆனா இது சரிப்படாது."

ஆசியா பீவியின் முகம் வாடிவிட்டது. "ஏம்மா?"

"எங்க அத்தாதான். வீட்டுல நானும் அவரும் மட்டும்தான். உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போனதுலேருந்து அவரு பாதி ஆளாயிட்டாரு. தே ஓ தேத்தண்ணி கலக்கினாக்கூட சீனிக்குப் பதிலா உப்பைப் போட்டுக் குடிச்சுக்கிட்டிருப்பாரு, அதுவும் தெரியாம. டிவி பாட்டுக்கு ஓடும், இவரு சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு." அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "நான் போய்க் கதவைத் திறந்தாத்தான் மூஞ்சியில ஒரு வெளிச்சம் வரும். அவரை அந்த வீட்டுல தனியா விட்டுட்டு நான் எப்படி மாமி கல்யாணம் கட்டிக்கிட்டுப் போவேன்?"

ஆசியா பீவியின் கைக்குட்டை இந்தத் தடவை நெற்றிக்குப் போகவில்லை, கண்ணுக்குப் போனது. பிறகு அந்தச் சின்ன மோதிரத்தை எடுத்து, ஷாஹிராவின் விரலில் அவரே மறுபடியும் போட்டுவிட்டார்.

"நீ மனசார 'சரி'ன்னு சொன்னாத்தான் மேல பேசணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நீ வேணாம்னா இத்தோட விட்டுடலாம். இந்த மோதிரம் மட்டும் உனக்குத்தான், எப்படியும்."

"ஐயோ, இதெல்லாம் வேணாம் மாமி. உங்க பையனுக்கு என்னைவிட நல்ல பொண்ணாக் கிடைப்பா, பாருங்க."

"பையனா?"

ஆசியா பீவி திருதிருவென்று விழித்தார். பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அந்த வயதிலும் அவர் கன்னம் இரண்டும் சிவந்துபோயின.

"எனக்கு ஏதும்மா பையன்? நான் கேக்க வந்தது உங்க அத்தாவை!"