பாதிப் பதக்கம்

கதவைத் தாழிட்டுவிட்டு, கோதுமை மாவுப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டு, செராஃபினா அதை அடியில் புதைத்தாள். எழுபது வயதில் ஒரு திருடியைப் போல வியர்த்தது அவளுக்கு.

பெரிய புதையல் ஒன்றுமில்லை. கட்டைவிரல் நகமளவு பித்தளைத் துண்டு. புனித அன்னம்மாள் தன் சிறுமகளின் கையைப் பிடித்து நிற்கும் பதக்கம், நடுவில் வெட்டப்பட்டு, தாய் மட்டும் மிஞ்சிய பாதி. அம்மா தொமேனிகா இறந்த பிறகு அவள் பெட்டிக்கடியில் கிடைத்தது. பார்த்ததுமே ஒரே மகளான செராஃபினாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் அந்தக் காலத்தில் கன்னியர் மடத்துச் சுவரில் இருந்த சுழல்பெட்டியில் விட்டுப் போவார்கள். பிற்பாடு அடையாளம் சொல்ல ஒரு பதக்கத்தை வெட்டி, ஒரு பாதியைப் பிள்ளையோடு அனுப்பி, மறுபாதியைத் தாய் வைத்துக்கொள்வாள். அப்படியானால், கல்யாணத்துக்கு முன்னால் அம்மா… மடத்துப் பிள்ளைகளுக்கு அம்மா பால் கொடுத்ததுகூட அந்தப் பாவத்துக்குப் பரிகாரம்தான் போலிருக்கிறது. இத்தனை வருஷமாக செராஃபினா யாரிடமும் மூச்சு விடவில்லை.

இன்று காலை ரொட்டி வாங்க வந்த நகராட்சி எழுத்தர் ரொக்கோதான் அதைக் கிளறிவிட்டான்.

"அக்கா, அர்ஜென்டினாவுல இருந்து ஒருத்தன் வந்து என் உயிரை வாங்குறான். இங்க இருந்து கப்பலேறிப் போன அவன் பாட்டி ஃபிலிப்பாவோட அப்பா அம்மா பேரு வேணும்னான். முதல் நாளே எடுத்துக் குடுத்துட்டேன். அப்படியும் எழுந்து போக மாட்டேங்கிறான். பழைய பிறப்புப் புத்தகம் ஒண்ணையே புரட்டிக்கிட்டு இருக்கான். உங்க வயசு இருக்கும் அதுக்கு!"

"எழுதி வச்ச பேரு நிஜந்தானான்னு சந்தேகமா இருக்கும்."

"என்னவோ போங்க. கழுத்துல வேற பாதிப் பதக்கம். அன்னம்மாளைக் காணோம், மக மட்டும் தனியா நிக்குது. முழுசா வாங்க வக்கில்ல போல!"

ரொக்கோ சிரித்தான். செராஃபினாவின் கையிலிருந்து ரொட்டி நழுவியது. மகள் அங்கே, தாய் இங்கே. அம்மா விட்ட பிள்ளைதான் அந்த ஃபிலிப்பா.

ஞாயிற்றுக்கிழமை அன்னம்மாள் ஊர்வலம். முதல் மெழுகுவர்த்தி எப்போதும் இந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான். அம்மாவுக்குப் பிறகு அவளுக்கு. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற எதிர்வீட்டு ரொசாரியாவைப் போன வருஷம் வரிசையிலிருந்து வெளியே இழுத்து விட்டதே செராஃபினாதான். விஷயம் தெரிந்தால் ஊர் அவளை எங்கே நிறுத்தும்?

கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"ஒஸ்வால்தோ, அம்மா. அர்ஜென்டினா. ரொக்கோ வீட்டை அடையாளம் காட்டினாரு."

"ரொட்டி தீர்ந்துபோச்சு!"

"ரொட்டிக்கு வரலம்மா. உங்க அம்மா தொமேனிகாவைப் பத்தி…"

எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. செராஃபினா பதறிப்போய்க் கதவைத் திறந்து, அவன் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துச் சாத்தினாள். முப்பது வயது இருக்கும். திறந்த காலருக்குள் அந்தச் சங்கிலி மின்னியது. மாவு பூசிய அவள் கைகளை அவன் வியப்பாகப் பார்த்தான்.

"எங்கம்மா யாரையும் விடல," என்று முந்திக்கொண்டாள். "அவ யோக்கியமானவ. உன் பாட்டி வேற எவளோ பெத்து விட்ட பிள்ளை. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன் தம்பி, ஊருக்குப் போயிடு."

அவன் திகைத்துப் போனான்.

"எங்க பாட்டியை யாரும் விடலையேம்மா! செருப்புத் தைக்கிறவர் மக. அப்பா அம்மா வீட்டுலயே வளர்ந்தவங்க. ரொக்கோ காட்டின பேரெல்லாம் சரிதான்."

"அப்ப இன்னும் எதைத் தேடுற?"

"பாட்டி கப்பலேறுறதுக்கு முந்தின வருஷத்துப் பக்கத்தை." சங்கிலியைக் கழற்றினான். "அதுல எழுதியிருக்கு. சுழல்பெட்டியில ஒரு பெண் குழந்தை. துணியில தைச்ச பாதிப் பதக்கம். அதுல அன்னம்மாள் மட்டும்."

செராஃபினா மாவுப் பானையைத் திரும்பிப் பார்த்தாள். "மக… மக இல்லையா?"

"அம்மா முகத்தைக் குழந்தையோட அனுப்பிட்டேன், குழந்தை முகத்தை நான் வச்சுக்கிட்டேன்னு சாகும்போதுதான் பாட்டி சொன்னாங்க."

அவள் கை தானாகவே பானைக்குள் போனது. மாவு உதிர உதிர அந்தத் துண்டை மேசைமேல் வைத்தாள். அவன் தன் துண்டை அதனோடு நகர்த்திச் சேர்த்தான். வெட்டு வெட்டோடு பொருந்தியது. தாயும் மகளும் கை கோத்துக்கொண்டார்கள்.

"அந்தக் குழந்தை… என்ன ஆச்சு?"

"மடத்துல விசாரிச்சேன். பால் குடுக்க தொமேனிகாகிட்டதான் குடுத்தாங்களாம். அப்பதான் அவங்க பெத்த பிள்ளை செத்துப் போயிருக்கு. மடத்துக் குழந்தையை அவங்க திருப்பிக் கொண்டு வரவே இல்லையாம்."

செராஃபினா மேசையைப் பிடித்துக்கொண்டாள். மாவு ஒட்டிய அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு அவன் சொன்னான்:

"எங்கப்பாவோட அக்கா நீங்கதான், அத்தை."