யூதாஸின் கட்டுப்பல்

"பிடுங்கிப் போடுங்க டாக்டர்," என்றான் அருள்சாமி.

"வாய் யாரோடது? ஒன்னோடதா?" என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த அவன் பெரியப்பா சவரியப்பன். ஒரு பக்கக் கன்னம் பணியாரமாக வீங்கியிருந்தது.

டாக்டர் ரெங்கராஜ் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வேர் நுனியில சீழ் கட்டியிருக்கு. வேற பல்லா இருந்தா எடுத்துடுவேன். முன்னால இருக்கிற மூணு கட்டுப்பல்லும் இதைப் பிடிச்சுத்தான் நிக்குது. இது போனா அதுகளும் போச்சு."

"போகட்டுமே. பெரிய வெள்ளிக்கு எங்க ஊர்ல பாஸ்கா நாடகம், ஏசுவைச் சிலுவையில அறையுற கதை. யூதாஸ் வேஷம் எங்க வீட்டு முறை. பன்னண்டு வருசமா இவுகளே போடுறாக. பல்லு போனா வசனத்துக்குப் பதிலாக் காத்துதான் வரும். அப்பவாச்சும் எனக்கு விடுவாக."

"ஆசையைப் பாத்தீங்களா," என்றார் பெரியப்பா.

"யாருக்கு ஆசை? அறுபது வயசு யூதாஸுன்னு ஊரே சிரிக்குது."

பெரியப்பா டாக்டர் பக்கம் திரும்பினார். "வேற வழி இருக்கா டாக்டர்?"

"பல்லைக் குடைஞ்சு, சீழை வடிச்சு, வேரைச் சுத்தம் பண்ணி அடைக்கலாம். நாலு வாரம் புதுக்கோட்டைக்கு வந்து போகணும். வலிக்கும். தாங்குமான்னு உறுதி சொல்ல மாட்டேன்."

"குடைங்க."

அருள்சாமி தலையில் அடித்துக்கொண்டு வெளியே போனான்.

குடைந்து முடிப்பதற்குள் சவரியப்பனின் சட்டைக் காலர் கண்ணீரில் நனைந்துவிட்டது.

"பையனுக்கு விட்டுக் கொடுத்தா என்ன?" என்றார் டாக்டர்.

சவரியப்பன் வாயைத் துடைத்தார். வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"விராலிமலைப் பக்கம் அவனுக்குப் பொண்ணு பேசியிருக்கு. ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம். யூதாஸ் வேஷம் கட்டுனவனுக்குப் பொண்ணு இல்லேன்னு அந்தப் பொண்ணோட ஆத்தா சொல்லிப்புட்டா."

"அதை அவன்கிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னா, அப்பேர்ப்பட்ட பொண்ணே வேண்டாம்பான். அடுத்த வருசம் ஆடட்டும். தாலி கட்டுன பிறகு யாரு கேக்கப்போறா?"

அருள்சாமி எட்டிப் பார்த்தான். "அந்தப் பல்லு தாங்குமா டாக்டர்?"

"பத்து வருசத்துக்குக் கவலையில்லை," என்றார் டாக்டர், சவரியப்பனை ஓரக்கண்ணால் பார்த்தபடி.

அருள்சாமி வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தான். கேரியர் வெயிலில் காய்ந்து சுட்டது. தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்து அதன் மேல் போட்டான்.

பெரியப்பா ஏறி உட்கார்ந்தார்.